டேப்லெட் கவர் பெட்டியில் மாடல் எண்ணும் காந்த எச்சரிக்கையும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடியில் செல்போன் உதிரிப்பொருள் கடை நடத்துகிறேன். கவர், டெம்பர் கிளாஸ், சார்ஜர், ஹெட்செட் இவைதான் எங்கள் வியாபாரம். முன்பெல்லாம் டேப்லெட்டுக்குக் கவர் கேட்டு எப்போதாவது ஒருவர் வருவார். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளுக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், செய்தித்தாளை டேப்பிலேயே படித்துவிடும் பெரியவர்கள் என்று தினமும் யாராவது வருகிறார்கள். 2024-ல் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கையடக்கக் கணினி கொடுத்தபோது டீச்சர்கள் பலரும் கவர் தேடி வந்தார்கள்.

15,000, 20,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புத்தகம்போல் மூடித் திறக்கும் கவர் வாங்க வருகிறவர்கள், பெரும்பாலும் நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்து எடுத்துப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் வேறு எதுவும் அதில் எழுதியிருக்காது. இந்தக் கவர்களைத் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பெட்டியின்மேல் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். எந்த மாடல் எண்ணுக்கு உரிய கவர் என்பது ஒன்று. உள்ளே காந்தம் இருக்கிறதா என்பது இன்னொன்று. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். கவர் வாங்குகிற வாசகர்களுக்கும் உதவும் என்பதால் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

"அக்கா, லெனோவா டேப்புக்கு ஒரு ஃபிளிப் கவர் கொடுங்க, பத்து இன்ச்" என்பார்கள். டேப் வீட்டில் இருக்கும். லெனோவாவில் எம்10 என்கிற ஒரே பெயரில் பல டேப்கள் வந்திருக்கின்றன. டிபி-எக்ஸ்505, டிபி-எக்ஸ்306, டிபி-எக்ஸ்606, டிபி328 என்று எண்ணை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். எக்ஸ்306-க்கு 10.1 அங்குலத் திரை, எக்ஸ்606-க்கு 10.3. பெயரை மட்டும் சொல்லி வாங்கிப் போனால் மறுநாள் திருப்பிக்கொண்டு வர வேண்டியதுதான்.

சாம்சங்கிலும் இதே கதைதான். 2020-ல் வந்த டேப் ஏ7-க்குத் திரை 10.4 அங்குலம், அடுத்து வந்த ஏ8-க்கு 10.5. ஒரு புள்ளிதானே, எப்படியும் பொருந்திவிடும் என்று தோன்றும். ஆனால் ஏ7-இன் அகலம் 157.4 மில்லிமீட்டர், ஏ8-இன் அகலம் 161.9. நான்கரை மில்லிமீட்டர் கூடுதல். ஏ7 கவருக்குள் ஏ8-ஐ எப்படி அழுத்தினாலும் போகாது. ஏ8 கவருக்குள் ஏ7-ஐ வைத்தால் அகலவாக்கில் லொடலொடவென்று ஆடும். ஆடுகிற கவர் பாதுகாப்பு இல்லை. கீழே விழும்போது டேப் கழன்று ஒரு பக்கம், கவர் ஒரு பக்கம் போய்விடும்.

ஐபேடில் வித்தியாசம் இன்னும் நுணுக்கம். 10-ஆம் தலைமுறை ஐபேடுக்கும் 5-ஆம் தலைமுறை ஐபேட் ஏருக்கும் திரை அளவு 10.9 அங்குலம் என்றுதான் சொல்வார்கள். நீளத்திலும் அகலத்திலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். தடிமன் மட்டும் ஒன்றுக்கு 7, இன்னொன்றுக்கு 6.1. அந்த ஒரு மில்லிமீட்டருக்காக ஓரத்தைப் பிடித்து இழுத்து மாட்ட முயன்று, கவரின் மூலையைப் பிளந்துகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு நேர்மாறாக, பழைய 10.2 அங்குல ஐபேடில் 7, 8, 9 ஆகிய மூன்று தலைமுறைகளுக்கும் ஒரே கவர் போதும். அது தெரியாமல் புது ஐபேட் வாங்கியதும் நல்ல கவரைத் தூக்கிப்போட்டவர்களும் இருக்கிறார்கள். பெட்டியில் மூன்று எண்களையும் அச்சிட்டிருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

ஆனால் எங்களுக்கு வரும் பெட்டிகளில் பாதிக்குமேல் "10 இன்ச் யுனிவர்சல்" என்றுதான் இருக்கிறது. இந்த யுனிவர்சல் கவரில் டேப்பைப் பிடித்துக்கொள்ள நான்கு மூலையிலும் கொக்கியோ எலாஸ்டிக்கோ இருக்கும். ஒரு கொக்கி சரியாக வால்யூம் பட்டன்மேல் உட்காரும். பின்னால் கேமராவுக்கு ஓட்டை இருக்காது, இருந்தாலும் வேறு இடத்தில் இருக்கும். டீச்சர் ஒருவர் வகுப்பில் பிள்ளைகள் படிப்பதைப் படம்பிடிக்க ஒவ்வொரு தடவையும் கவரிலிருந்து டேப்பை உருவி எடுப்பதாகச் சொன்னார். டேப் கையிலிருந்து நழுவுவதே அப்படி உருவும்போதுதான். ஏன் யுனிவர்சல் என்றே போடுகிறீர்கள் என்று மொத்த வியாபாரிகளிடம் கேட்டால், "எண் போட்டா அந்த மாடல் போனதும் சரக்கு தேங்கிடும்" என்கிறார்கள். அவர்கள் கஷ்டம் எனக்கும் புரிகிறது, நானும் சரக்கு வாங்கி விற்கிறவள்தான். அதற்காக வாங்குகிறவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மாடல் எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆண்ட்ராய்டு டேப்பில் செட்டிங்ஸ் போய் அபவுட் டேப்லெட் என்பதைத் திறந்தால் இருக்கும். சாம்சங் என்றால் எஸ்எம் என்று தொடங்கும். ஏ8 வைஃபை டேப்புக்கு எஸ்எம்-எக்ஸ்200, சிம் போடுகிற ஏ8-க்கு எஸ்எம்-எக்ஸ்205. ஐபேடில் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏ என்று தொடங்கி நான்கு இலக்கம் இருக்கும். எழுத்து மங்கியிருந்தால் செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய் மாடல் நம்பர் என்ற வரியை ஒரு தடவை தொட்டால் அந்த எண் வரும். அதைப் போனில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் டேப்பையே கடைக்குக் கொண்டுவாருங்கள்.

டேப்பைக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கவரில் மாட்டி, மூடியைப் பின்னால் மடக்காமல் முழுதாகத் திறந்து, கண்ணாடிப் பக்கம் மேஜையைப் பார்க்கும்படிக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். கண்ணாடி மேஜையைத் தொடக் கூடாது. கவரின் விளிம்பு திரையைவிடக் கொஞ்சமாவது உயர்ந்திருக்க வேண்டும். அப்புறம் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மூலை லேசாக அமுங்கி மீண்டு வந்தால் அது டிபியூ என்கிற வளையும் பிளாஸ்டிக், விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கல்போல் இருந்தால் அது கெட்டி பிளாஸ்டிக். மெலிதாக, அழகாக இருக்கும், ஆனால் நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் மூலையில்தான் முதலில் விரிசல் விடும். டேப் பெரும்பாலும் மூலையில்தான் விழுகிறது. அதனால் மூலை மென்மையாக இருப்பதையே நான் எப்போதும் எடுத்துக் காட்டுவேன்.

பிறகு மூடியை மடித்து டேப்பை நிறுத்தி வைத்து, திரையின் மேல் ஓரத்தை விரலால் தட்டுங்கள். சட்டென்று சரிந்தால் வேண்டாம். கீழ்ப் பக்கம் மடிப்பு உட்காரும் பள்ளமோ பிடிமானமோ இருக்கிற கவர் சரியாது. உங்கள் சார்ஜர் பின்னை மாட்டிப் பாருங்கள். பின்னின் தலை தடிமனாக இருந்தால் சில கவர்களின் ஓட்டைக்குள் நுழையாது. பென் உள்ள டேப் என்றால் பென்னோடு வாருங்கள். இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில் 5-ஆம் தலைமுறை ஐபேட் ஏரின் நீளப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான் சார்ஜ் ஏறும். அந்தப் பக்கத்தைத் தடித்த ரப்பரால் மூடிய கவரை வாங்கினால் பென்சில் ஒட்டவும் செய்யாது, சார்ஜும் ஏறாது.

எடையையும் பார்க்க வேண்டும். ஏ8 டேப்பே 508 கிராம். அதோடு சுழலும் ஸ்டாண்டு வைத்த கனமான கவரையும் சேர்த்து ஒரு கையில் பத்து நிமிடம் பிடித்துப் படித்துப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லிவிடும். வயதானவர்களுக்கு வாங்கும்போது இதை முக்கியமாகப் பார்க்கச் சொல்வேன்.

சில பெட்டிகளில் "மிலிட்டரி கிரேடு" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810 என்ற சோதனைமுறையை வைத்துச் சொல்வது அது. அதில் விழும் சோதனை என்பது 4 அடி உயரத்திலிருந்து 26 தடவை போடுவது. தரை கான்கிரீட்டின்மேல் வைத்த இரண்டு அங்குல ஒட்டுப்பலகை. 26 தடவையையும் ஒரே பொருளை வைத்துச் செய்ய வேண்டும் என்பதில்லை, ஐந்து பொருள்கள்வரை மாற்றிக்கொள்ளலாம். சோதித்துச் சான்றிதழ் கொடுக்க என்று எந்த அரசு அமைப்பும் கிடையாது. தயாரிப்பாளரே சோதித்து, அவரே அச்சிட்டுக்கொள்வதுதான். ஒழுங்காகச் சோதிக்கிற கம்பெனிகளும் உண்டு. ஆனால் அந்த வார்த்தைக்காக மட்டும் 500 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

துணி, தோல் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் "லெதர்" என்று இருப்பதில் பெரும்பாலானவை தோல் அல்ல. துணியின்மேல் பாலியூரித்தேன் பூச்சு, நாம் ரெக்சின் என்று சொல்கிற ரகம். ஆம்பூரும் வாணியம்பாடியும் உலகத்துக்கே தோல் கொடுக்கிற நம் மாநிலத்தில், இதை லெதர் என்று விற்பது எனக்கு மனதுக்குக் கஷ்டமாகவே இருக்கிறது. இந்தப் பூச்சு ஈரக்காற்றும் சூடும் சேர்ந்தால் உதிரத் தொடங்கிவிடும். எங்கள் ஊர்க் கடற்காற்றில் இரண்டு கோடை தாங்கினால் அதிகம். முதலில் மடிப்புக் கோட்டில் மெல்லிய கீறல் தெரியும். பிறகு அந்த இடம் பொரிந்து, கருப்புச் செதில் செதிலாகக் கையிலும் சட்டையிலும் ஒட்டும். துடைத்தாலும் நிற்காது, பூச்சு முழுவதும் போகும்வரை உதிரும். கடலோர ஊர்க்காரர்கள் கித்தான்போல் நெய்த துணிப் பரப்பு உள்ள கவரையோ மூடியும் டிபியூவால் ஆன கவரையோ வாங்குவது நல்லது. ரெக்சின்தான் வேண்டுமென்றால் மடிப்பு ஓரம் தையல் போட்டதாகப் பாருங்கள். பசை மட்டும் வைத்து ஒட்டியது ஒரு மதியம் வண்டியின் சீட்டுக்கு அடியில் வெயிலில் இருந்தாலே பிரிந்துவிடும்.

சூடு என்றதும் இன்னொன்று. ஐபேடை 35 டிகிரி செல்சியஸ்வரைதான் பயன்படுத்தலாம் என்று ஆப்பிள் சொல்கிறது. மே மாதத்தில் நம் ஊரில் அறைக்குள்ளேயே அது தாண்டும். தடித்த கவருக்குள் டேப்பை மூடி வைத்துக்கொண்டு, மெத்தைமேல் போட்டுச் சார்ஜ் ஏற்றாதீர்கள். சார்ஜ் ஏறும்போது கையில் சூடாகத் தெரிந்தால் கவரைக் கழற்றிவிடுங்கள். மூடி முன்போல் சரியாகப் பொருந்தாமல் டேப் நடுவில் உப்பித் தெரிந்தால் கவரைச் சந்தேகப்பட வேண்டாம், பேட்டரி உப்புகிறது. உடனே சார்ஜ் போடுவதை நிறுத்திச் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தக வகைக் கவரே வேண்டாம். கைப்பிடி வைத்த தடித்த ஃபோம் கவர்தான் சரி. பார்க்கக் கொழுகொழு என்று இருந்தாலும் படியில் உருண்டாலும் தாங்கும். ஃபிளிப் கவரில் பிள்ளைகள் மூடியைப் பிடித்துத் தூக்குவார்கள், அதுதான் பிரச்சினை.

இனி காந்தம். நான் பேனா எடுத்ததற்கு முக்கியக் காரணமே இதுதான்.

மூடியை மூடினால் திரை அணைவதும் திறந்தால் எரிவதும் எல்லோருக்கும் பிடித்த வசதி. 2011-ல் ஐபேட் 2-உடன் ஆப்பிளின் ஸ்மார்ட் கவர் வந்ததிலிருந்து பரவியது. மூடியின் ஓரத்தில் சின்னக் காந்தம் இருக்கும், டேப்புக்குள் அதை உணரும் ஹால் சென்சார் இருக்கும். இதுபோக மூடி திறந்துகொள்ளாமல் இருக்கவும், ஸ்டாண்டாக நிற்கவும் கூடுதல் காந்தங்கள் வைக்கிறார்கள். சில கவர்களில் பிரித்துப் பார்த்தால் வரிசையாக இருக்கும். விலை குறைந்த சில கவர்களில் இடம் தவறி வைத்திருப்பார்கள், மூடியைப் பின்னால் மடக்கினாலே திரை அணைந்துவிடும். அது தொந்தரவு, அவ்வளவுதான். இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை உடம்புக்குள் வைத்தவருக்குக் காந்தம் தொந்தரவோடு நிற்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். படுத்துக்கொண்டு டேப்பில் பேப்பர் படிக்கிற பழக்கம். மூடி தொங்காமல் பின்னால் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிற மாதிரி கவர் கேட்டார். படுத்து எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். "நெஞ்சுமேல சாத்தி வச்சுக்கிடுவேன்மா" என்றார். அவருக்கு இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்திருப்பது தெரியும். நான் ஒரு குண்டூசியை எடுத்து அவர் தேர்ந்தெடுத்த கவரின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனேன். மூடியின் வெளி ஓரத்தில் ஒரு இடத்தில் டக்கென்று ஒட்டியது. எடுத்து நகர்த்தினால் இரண்டு விரற்கடை தள்ளி மறுபடியும். அப்படி மடிப்பு ஓரம்வரை ஒட்டிக்கொண்டே போனது. பூட்டுகிற பட்டையில் வைத்தபோது ஊசியைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. "ஏம்மா, இத்துனூண்டு காந்தம் என்ன பண்ணிரும்?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். பேஸ்மேக்கரைக் காந்தத்துக்குக் கட்டுப்படும்படியாகத்தான் செய்திருக்கிறார்கள். பரிசோதனையின்போது டாக்டர்களே அதன்மேல் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். பக்கத்தில் காந்தம் வந்தால் பேஸ்மேக்கர் இதயத்தின் இயல்பான துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு, ஒரே சீரான வேகத்தில் துடிக்கவைக்கும் நிலைக்கு மாறிவிடும். ஐசிடி என்கிற கருவி வைத்தவர்களுக்குக் கவலை இன்னும் அதிகம். ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்து உயிர் காப்பாற்ற வேண்டிய கருவி அது. காந்தம் மேலே இருக்கும்வரை அந்த ஷாக் கொடுக்கும் வேலையை அது நிறுத்திவைக்கும். காந்தத்தை விலக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும், கருவி கெட்டுப்போகாது. ஆனால் காந்தம் இருக்கிற அந்த நேரத்தில் ஏதாவது நடந்தால்?

2021-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதுபற்றி வெளிப்படையாக அறிவுரை சொன்னது. காந்தம் உள்ள செல்போன், ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றை இப்படிப்பட்ட கருவியிலிருந்து 6 அங்குலமாவது, அதாவது 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள் என்றது. ஆப்பிளும் மருத்துவக் கருவிகளுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாத தன் பொருள்களின் பட்டியலில் ஐபேடையும் ஸ்மார்ட் கவர், ஸ்மார்ட் ஃபோலியோ உறைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பெரிய கம்பெனி சொல்கிறது. எங்கள் கடைக்கு வருகிற 400 ரூபாய்க் கவரின் பெட்டியில் காந்தம் என்ற வார்த்தையே இல்லை.

அண்ணாச்சிக்குக் காந்தம் இல்லாத, எலாஸ்டிக் பட்டை போட்ட கவரைக் கொடுத்தேன். டேப்பின் ஸ்பீக்கருக்குள்ளேயும் காந்தம் உண்டு, அதனால் எந்தக் கவராக இருந்தாலும் நெஞ்சின்மேல் வைக்காதீர்கள், தலையணையில் சாய்ந்து மடியில் வைத்துப் படியுங்கள், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது இதைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். உங்கள் வீட்டிலும் இப்படிக் கருவி வைத்த பெரியவர்கள் இருந்தால், கையில் இருக்கிற கவரை ஒரு குண்டூசி வைத்துச் சோதித்துப் பாருங்கள். சட்டைப் பையில் வைக்கிற போன் கவருக்கும் இது பொருந்தும்.

இதை விற்பவரின் நல்ல மனதை நம்பி விட்டுவிட முடியாது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். எங்களுக்கு வரும் பல பெட்டிகளில் ஒரு விலை ஸ்டிக்கரைத் தவிர வேறு எதுவும் இருப்பதில்லை. அளவு முக்கியமாக உள்ள பொருளுக்கு அளவையும் குறிப்பிட வேண்டும் என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது. டேப்லெட் கவருக்கு அளவைவிட முக்கியமானது எது? எந்த மாடல் எண்ணுக்கு உரியது என்று எழுதினால்தான் அந்த அளவுக்கே அர்த்தம். இதைக் கவனிக்கிற தொழிலாளர் துறை அதிகாரிகள், கடைகளில் தராசைச் சோதிக்க வரும்போது இந்தப் பெட்டிகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மொத்தக் கிடங்குகளிலும் பார்க்க வேண்டும். காந்த எச்சரிக்கையைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று அரசு உத்தரவு போட வேண்டும். பொருந்தாத கவரைத் திருப்பி வாங்க மறுக்கிறார்கள் என்றால் வாசகர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

எங்கள் கடையில் சரக்கு வந்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் எந்தெந்த மாடல் எண்ணுக்குப் பொருந்தும் என்று மார்க்கரில் எழுதித்தான் தட்டில் அடுக்குகிறோம். காந்தம் உள்ளவற்றைத் தனித் தட்டில் வைத்து, "காந்தம் உள்ளது, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கேட்டு வாங்கவும்" என்று அட்டை ஒட்டியிருக்கிறேன். அரசு உத்தரவு வரும்வரை மற்ற கடைக்காரர்களும் இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்போன் உதிரிப்பொருள் கடைக்காரர்,
தூத்துக்குடி.